இணையம் மூலம் மட்டும்

ஜெனூபாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது 2006ஆம் ஆண்டு மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. கடலோரத் தகவல் மறுவாழ்வு நிறுவனத்தின் பணிப்பாளர் நல்லரெத்தினம் அதைக் குளிரூட்டிய வாகனத்தில் கல்முனையிலிருந்து ஏற்றி வந்து, சாய்ந்தமருதில் சுனாமிக்குத் தப்பியவர்களின் தகர முகாமின் நடுவில் இருந்த கொட்டிலுக்குள் இறக்கி, நாடா வெட்டித் திறந்து வைத்தார். அது ஒரு கணினி. அதற்குள் லினக்ஸ் என்ற சுதந்திர மென்பொருள் இருந்தது.

அதற்கு முதல் நாள் ஊரில் நடந்த குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனம் அந்தத் திட்டத்துக்கு 'அறிவு அலை' என்று பெயர் வைத்திருந்தது. பெயர் வைத்த வெளிநாட்டு ஆலோசகருக்கு அலை என்றால் நல்ல விருப்பம். சனி, ஞாயிறுகளில் அறுகம்பைக்குப் போய்ப் பலகை போட்டு அலைமேல் சறுக்குகிறவர். திங்கட்கிழமை பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று கடற்கரை வீதியால், நாளை காலை உங்கள் ஊருக்கு அறிவு அலை வருகிறது என்று அறிவித்துக்கொண்டு போனது. 'அறிவு' என்ற சொல்லைக் கடற்காற்று அடித்துக்கொண்டு போயிற்று. மிச்சம் சனத்தின் காதில் விழுந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அடுப்பில் வைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, முகாம் முழுக்க மேற்கே வயல்வெளியைப் பார்த்து ஓடியது. ஜெனூபா ஒரு கையில் மகளையும் மறு கையில் உம்மாவையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். ஒரு முதியவர் வாய்க்காலுக்குள் விழுந்து கால் முறிந்தார். நிறுவனத்தின் அறிக்கையில் அந்த நாளைப் பற்றி ஒரு வரி இருந்தது: 'திட்ட அறிமுகத்தின்போது மக்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்து தமது ஆர்வத்தை வெளிப்படுத்தினர்.'

ஜெனூபாவை நிலையப் பொறுப்பாளராக்கியதில் தப்பொன்றும் இல்லை. சுனாமியால் பாதிக்கப்பட்டவர், பெண், தட்டச்சுத் தெரிந்தவர் ஆகிய மூன்று தகுதிகளும் உள்ள ஒருவரை நிறுவனம் தேடியது. முகாமில் முதல் இரண்டும் உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மூன்றாவது ஜெனூபாவிடம் மட்டும் இருந்தது. கலியாணத்துக்கு முன்பு கல்முனையில் தட்டச்சு பழகியிருந்தாள். பிறகு மீன் வியாபாரி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, வீடு கடலோரத்தில் அமைந்து, கடல் வந்தபோது வீடும் வியாபாரியும் போய், அவளும் உம்மாவும் மகளும் மிஞ்சியிருந்தார்கள். அடக்குவதற்கு மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

திறப்புவிழாவில் நல்லரெத்தினம் நீண்ட நேரம் பேசினார். "இதுவரை நீங்கள் பிறருடைய மென்பொருளுக்கு அடிமைகளாக இருந்தீர்கள். இன்றுடன் அந்த விலங்கு உடைந்தது. எமது நிறுவனம் உங்களுக்குச் சுதந்திரத்தை வழங்குகிறது" என்றார். முகாமிலிருந்தவர்கள் தாங்கள் எதெதற்கெல்லாம் அடிமை என்று பலதையும் யோசித்திருந்தாலும் மென்பொருள் அவர்கள் நினைவுக்கு வந்ததில்லை. ஆனாலும் கை தட்டினார்கள். நிறுவனத்தார் குளிர்பானம் கொடுத்தார்கள்.

விழாவுக்கு வந்த வாகனங்கள் புறப்பட்டுப் போனபின் ஜெனூபா இணையத்தில் இணையப் பார்த்தாள். கொட்டிலுக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அந்த வயரைக் கணினியின் முதுகிலிருந்த துளையில் செருகி, பயிற்சியில் சொல்லிக் கொடுத்த இடத்தில் அழுத்தினாள். இணைப்பைப் பிடிக்கிற மொடம் எதுவும் காணப்படவில்லை என்று திரை சொன்னது. வயரைக் கழற்றி ஊதித் துடைத்துத் திரும்பச் செருகினாள். திரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் கல்முனை அலுவலகத்துக்குப் போனாள். மேல்மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த வரவேற்புப் பெண் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு, நிலையங்களின் தொழில்நுட்ப முறைப்பாடுகள் இணையம் மூலம் மட்டுமே ஏற்கப்படும் என்றாள். இணையம் வேலை செய்யவில்லை என்பதுதான் முறைப்பாடு என்று ஜெனூபா சொன்னாள். அந்தப் பெண் அனுதாபத்தோடு தலையசைத்து, அதைத்தான் இணையத்தில் எழுத வேண்டும் என்றாள்.

ஜெனூபா சந்தைக்கு எதிரே இருந்த கொமினிகேஷன் கடை ஒன்றுக்குப் போய், அங்கிருந்து மின்னஞ்சல் அனுப்பினாள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பதில் வந்திருந்தது. 'உங்கள் முறைப்பாடு இணையம் மூலம் எமக்குக் கிடைத்தது. இதிலிருந்து உங்கள் இணையம் வேலை செய்வது உறுதியாகிறது. முறைப்பாடு தீர்க்கப்பட்டது. தீர்வில் நீங்கள் எவ்வளவு திருப்தி அடைந்தீர்கள் என்பதை இணையம் மூலம் தெரிவிக்கவும்.'

அவள் தெரிவித்தாள். திருப்தியில்லை என்று அவள் எழுதியதை நிறுவனம் பாரதூரமாக எடுத்துக்கொண்டது. இரண்டாவது கிழமையே ஒரு வாகனம் வந்து நின்றது. மொடத்தைப் பார்க்கத்தான் ஆள் வந்திருக்கிறது என்று ஜெனூபா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். இறங்கியவர் உளவளத்துணையாளர். இருவரும் கொட்டிலுக்குள் எதிரெதிரே பாயில் உட்கார்ந்தார்கள். மொடம் இல்லை என்று முதன்முதலாகத் தெரிந்தபோது எப்படி உணர்ந்தீர்கள் என்று அந்த அம்மா மெதுவான குரலில் கேட்டார். இரவில் நித்திரை வருகிறதா, அதைப் பற்றி உறவினர்களோடு கதைக்க முடிகிறதா, இழப்பை ஏற்றுக்கொள்வதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்றும் கேட்டார். ஜெனூபாவுக்குத் திடீரென்று அழுகை வந்துவிட்டது. கடல் எடுத்த மனிதனைப் பற்றி இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட அதுவரை ஒருவரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. அவள் அழுவதைப் பார்த்து அந்த அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, மொடங்கள் வரும் போகும், மனசுதான் முக்கியம் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போனார்.

இப்படியே காலம் போயிற்று. ஜெனூபா காலையில் கொட்டிலைத் திறப்பாள், கணினியைத் துடைப்பாள். முகாம் பிள்ளைகள் வந்து படம் கீறுவார்கள். நிறுவனம் மாதாமாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கும். அத்தனை பேரும் இணையத்தைப் பயன்படுத்தியதாக எழுதிக்கொள்ளும்.

அடுத்த வருடம் முகாமுக்கு வீட்டுச் செய்தி வந்தது. வெளிநாட்டுக் கொடையாளர் ஒருவர் ஊருக்கு மேற்கே மேட்டு நிலத்தில் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார். முதல் தெரிவில் விடுபட்ட குடும்பங்களுக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஜெனூபாவும் விடுபட்டவள்தான். குடும்பத் தலைவர் நேர்முகத் தேர்வுக்குச் சமூகமளிக்கவில்லை என்று அவளுக்குக் காரணம் சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான், அவர் சமூகமளிக்கவில்லை. இந்தத் தடவை ஊழலும் சிபாரிசும் நுழையாதபடி எல்லா விண்ணப்பங்களும் அறிவு அலை நிலையங்களிலிருந்து, அந்த நிலையத்தின் தொலைபேசி இணைப்பு வழியாக மட்டுமே ஏற்கப்படும் என்று நிறுவனம் கொடையாளரிடம் பொறுப்பெடுத்திருந்தது. முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் இருந்தது.

முகாம் பள்ளிவாசலைப் பார்த்துக்கொண்டிருந்த, எல்லோருக்கும் அண்ணன் முறையான ஜெமீல் காக்கா கொட்டிலுக்கு வந்தார். சுனாமிக்கு முன்பு சொந்தமாகத் தோணியும் வலையும் வைத்திருந்தவர், இப்போது முகாமின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னுக்கு நிற்கிறவர். கணினியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குள்ளாலதான் எங்கட ஊடு வரணுமாம் தங்கச்சி. இது உசிரோடதான் இரிக்கா?" என்று கேட்டார்.

"உசிர் இரிக்கி காக்கா. வாய்தான் இல்ல" என்றாள் ஜெனூபா.

அன்று மத்தியானம் அவள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, யாராவது தொழில்நுட்பம் தெரிந்தவர் கதைக்கும்வரை வைக்கமாட்டேன் என்றாள். வரவேற்புப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். தொலைபேசியை எடுத்தவன் கிசோக்.

கிசோக் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவுக்காரன். நிறுவனத்தின் ஒரேயொரு தொழில்நுட்ப உத்தியோகத்தன். லினக்ஸை உண்மையாகவே நேசித்தவனும் அந்த அலுவலகத்தில் அவன் ஒருவன்தான். பணிப்பாளரின் மேசையில் இருந்தது விண்டோஸ். நிலையங்களுக்குப் போய் உதவ அவனுக்கு அனுமதி இல்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் மக்கள் பிறரில் தங்கியிருக்கப் பழகிவிடுவார்கள் என்பது நிறுவனத்தின் கொள்கை. அவன் அலுவலகத்துக்குள்ளேயே இருந்து, மக்கள் தங்கியிராமல் இருப்பதற்கான கைந்நூல்களைத் தயாரித்துக்கொண்டிருந்தான்.

விஷயத்தை அவன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டான். "உங்கட பெட்டிக்குள்ள கிடக்கிறது அரை மொடம் அக்கா. மலிவெண்டு வாங்கினது. மிச்ச அரைவாசி வேலைய விண்டோஸ்தான் செய்யும். லினக்ஸுக்கு அத எழுப்பத் தெரியாது. அது லினக்ஸ்ட பிழை இல்ல. வாங்கக்குள்ளயே நான் சொன்னனான். அத இணையத்தில எழுதச் சொன்னாங்க."

"அப்ப என்ன செய்யிற தம்பி?"

"ரெண்டையும் வைப்பம். வன்தட்டில பாதிய நான் வெறுசா விட்டுத்தான் அனுப்பினனான். ஒரு பக்கம் லினக்ஸ், மறுபக்கம் விண்டோஸ். அனுப்புற நேரம் மட்டும் விண்டோஸுக்குள்ள போங்க."

பஸ்ஸில் சீடிகள் வந்தன. அதன் பிறகு தினமும் அலுவலகம் சாப்பிடப் போகிற நேரத்தில் கிசோக் தொலைபேசி எடுத்தான். ஜெனூபா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவன் சொல்லச் சொல்லத் தட்டினாள். தெரியாத சொல் வந்தால் எழுத்துக் கூட்டிச் சொல்வான். அவள் தவறாகத் தட்டினால் கோபிக்கமாட்டான், மொனிட்டரில் என்ன தெரிகிறது என்று கேட்பான். விண்டோஸ் உள்ளே போயிற்று. போன கையோடு லினக்ஸைக் காணவில்லை. ஜெனூபா பயந்துவிட்டாள். சுதந்திரத்தை அழித்துவிட்டேன் என்று நினைத்தாள்.

அது அழியவில்லை, வாசல் மாறிவிட்டது என்று கிசோக் விளக்கினான். பெட்டியைத் திறந்தவுடன் வாசலில் ஓர் ஆள் நின்று, யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்க வேண்டும். அவனுக்குப் பூட் லோடர் என்று பெயர். விண்டோஸ் குடிவந்தால் முதல் வேலையாக அந்த ஆளைத் துரத்திவிட்டுத் தன் ஆளை நிறுத்திவிடும். அவனுக்கு விண்டோஸின் அறை மட்டுந்தான் தெரியும். பழைய ஆளைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் நிறுத்த வேண்டும்.

சீடியால் உள்ளே போய், அவன் சொன்ன கட்டளைகளைத் தட்டி, பெட்டியை நிறுத்தித் திறந்தாள். கறுப்புத் திரையில் எல், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை.

"ரெண்டு எழுத்தோட நிக்கிது தம்பி."

"நாலு எழுத்து வரணும். அவர்ட பேர் லிலோ. பேரை முழுசாச் சொல்லி முடிக்க முதல் நித்திரையாகிட்டார்." கிசோக் சிரிப்பது தொலைபேசியில் கேட்டது. "பயப்படாதீங்க. பெட்டி ஒண்டும் பழுதாகல்ல. வட்டில எந்த இடத்தில தேடுறதெண்டு அவருக்கு விளங்கல்ல. நாம ஒரு சொல்லு எழுதி விளங்கப்படுத்துவம்."

அந்த ஒரு சொல்லை எழுத இரண்டு மத்தியானங்கள் போயின. தொலைபேசி அறுந்தது, மின்சாரம் போனது, ஒருமுறை மகள் ஓடிவந்து வயரில் தடக்கி விழுந்தாள். கடைசியில் ஒரு புதன்கிழமை நான்கு எழுத்துகளும் வந்து, அவற்றுக்குக் கீழே இரண்டு பெயர்கள் வரிசையாக நின்றன. எது வேண்டுமோ அதைத் தெரிவுசெய் என்பதுபோல் வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. ஜெனூபா ரிசீவரை வைத்துவிட்டுக் கீழே இருந்த விண்டோஸைத் தெரிவுசெய்தாள். மொடம் கரகரத்து, விசில் அடித்து, பிறகு அமைதியானது. கொட்டிலுக்குள் இணையம் வந்தது. பெட்டியைத் திறந்து ஒரு வருடம் கழித்து.

அவள் அழவில்லை. பாயை உதறி விரித்து, பள்ளிவாசல் பக்கத்து முதல் வரிசைக் குடும்பங்களைக் கூப்பிட்டனுப்பினாள்.

விண்ணப்பங்கள் ஊர்ந்து ஊர்ந்து போயின. ஒரு குடும்பம் போய்ச் சேர்வதற்குள் இணைப்பு பலமுறை அறும். உம்மா, நம்முடையதை முதலில் அனுப்பினால் என்ன என்று கேட்டார். வரிசைப்படிதான் என்று ஜெனூபா சொல்லிவிட்டாள். அவர்களுடைய கொட்டில் கடற்பக்கம் கடைசியில் இருந்தது. ஜெமீல் காக்காவின் குடும்பம் போயிற்று. கணவனும் மகனும் போய் மகளோடு தனித்திருந்த சுல்பிகாவின் விண்ணப்பம் போயிற்று. முகாமில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அப்போதுதான் நல்லரெத்தினம் திடீர்ப் பரிசோதனைக்கு வந்தார். வேறு எந்த நிலையத்திலிருந்தும் ஒரு விண்ணப்பமும் வராமல், சாய்ந்தமருதிலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது அவருக்குச் சந்தேகத்தை ஏற்படுத்தியிருந்தது. பெட்டியை நிறுத்தித் திறக்கச் சொன்னார். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார்.

அதில்தான் மொடம் எழும்புகிறது, அதில்தான் சனத்தின் விண்ணப்பம் போகிறது என்று ஜெனூபா சொன்னாள். வேண்டியபோது வேண்டியதைத் தெரிவுசெய்யலாம் என்றாள்.

"இதப் பாருங்க தங்கச்சி" என்றார் நல்லரெத்தினம். அவர் குரலில் கோபமில்லை, கவலைதான் இருந்தது. "சுதந்திரம் எண்டது நீங்க தெரிவுசெய்யிற சாமான் இல்ல. அது நாங்க உங்களுக்குத் தாற சாமான். நீங்க வேறொண்டத் தெரிவுசெய்தா எங்கட அறிக்கை என்னாகிற? எல்லா நிலையமும் லினக்ஸில ஓடுதெண்டு நான் மூண்டு தரம் எழுதிப்போட்டன். வேலை செய்யிதோ இல்லையோ, அது ரெண்டாவது பிரச்சினை. உங்களுக்கு விண்ணப்பம் முக்கியம், சரி. எனக்குத் திட்டம் முக்கியம். திட்டம் இல்லாட்டி உங்களுக்கு உதவி செய்ய நாங்க இருக்கமாட்டம். நாங்க இல்லாட்டி நீங்க ஆர்ட்ட முறைப்பாடு செய்வீங்க?"

கூட வந்த சாரதி, பணிப்பாளர் சொல்லச் சொல்ல விண்டோஸை அழித்தான். பெட்டியைத் திரும்பத் திறந்தபோது திரையில் ஒரு பெயர் மட்டும் நின்றது. கிசோக்குக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.

முடிவுத் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. ஜெனூபாவின் வரிசையும் அதற்கு முன் வரிசையும் மிச்சம். கிசோக் அன்று மத்தியானமும் தொலைபேசி எடுத்தான். கொழும்பில் படித்த காலத்தில் வாங்கிய வெளி மொடம் ஒன்று தன் வீட்டில் இருக்கிறது என்றான். அது முழு மொடம், தனிப்பெட்டி, லினக்ஸுக்கு அதை நன்றாகத் தெரியும். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் தானே கொண்டுவந்து பூட்டித் தருவதாகச் சொன்னான். அனுமதி இல்லையே என்று அவள் தயங்கினாள். "வேலை நேரத்துக்குப் பிறகு நான் காரைதீவுக்காரன்தானே அக்கா" என்றான்.

காரைதீவிலிருந்து சாய்ந்தமருது எவ்வளவு தூரம்? நடந்தே வரலாம். நடுவில் இராணுவச் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. 2007ஆம் ஆண்டு, அரசாங்கம் கிழக்கை விடுவித்துவிட்டதாக அறிவித்திருந்த நேரம். விடுவித்த இடங்களில் சாவடிகள் கூடியிருந்தன. கிசோக்கின் பையைத் திறந்தவர்கள் சின்ன விளக்குகள் பதித்த கறுப்புப் பெட்டியையும் அதிலிருந்து தொங்கிய வயர்களையும் வெளியே எடுத்தார்கள்.

செய்தி முகாமுக்கு வந்ததும் ஜெனூபாவும் ஜெமீல் காக்காவும் சாவடிக்கு ஓடினார்கள். கிசோக் மணல்மூட்டைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். அவர்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், எழும்ப விடவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரைப் பிடித்து, இது கணினியின் சாமான், எங்கள் நிலையத்துக்கு வருகிறது என்று ஜெனூபா சொன்னாள். அங்கிருந்த அதிகாரி நியாயமான மனிதராகத்தான் நடந்தார். அப்படியானால் நிறுவனத்தையே கேட்போம் என்று, கிசோக்கின் அடையாள அட்டையில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

நல்லரெத்தினமும் பொய் சொல்லவில்லை. தன் அறிக்கையில் இருந்ததைத்தான் சொன்னார். எமது கணினிகள் எல்லாவற்றிலும் மொடம் உள்ளேயே இருக்கிறது, எல்லா நிலையங்களும் சிறப்பாக இயங்குகின்றன, வெளி மொடம் எதுவும் தேவையில்லை, அப்படியொரு சாமான் எமது திட்டத்தில் இல்லை என்றார். அதிகாரி ரிசீவரை வைத்துவிட்டுக் கிசோக்கைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. தேவையில்லாத ஒரு சாமானை ஒருவன் இருட்டுப்படுகிற நேரத்தில் எதற்குக் கொண்டு திரிகிறான்? ஜீப் வந்தது. ஜெனூபா பார்த்துக்கொண்டிருக்கவே அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முடிவுத் தேதி கழிந்தது. விண்ணப்பம் போன குடும்பங்களுக்கு வீடு உறுதியென்று செய்தி வந்தது. கிசோக் எங்கே இருக்கிறான் என்ற செய்தி மட்டும் வரவில்லை. அவனுடைய மனைவி சுலக்சனா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, மாதங்கள் சென்ற பிறகு அவன் இருக்கிற தடுப்பு முகாமைக் கண்டுபிடித்தாள். ஒரு விசாரணை வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், அந்தப் பெட்டி உண்மையில் நிலையத்துக்குத் தேவைப்பட்டது என்று பொறுப்பாளர் வந்து சொன்னால் அவனை விட்டுவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டு ஜெனூபாவின் கொட்டிலில் வந்து நின்றாள். கெஞ்சவில்லை. தண்ணீர் கொடுத்ததையும் குடிக்கவில்லை.

அது நல்லரெத்தினத்தின் காதுக்குப் போனது. அவர் ஜெனூபாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி வரவழைத்து, விஷயத்தை விளங்கப்படுத்தினார். அவள் போய் உண்மையைச் சொல்வதைத் தடுக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. ஆனால் லினக்ஸில் மொடம் வேலை செய்யவில்லை என்று அவள் சொன்னால், அனுப்பிய விண்ணப்பங்கள் விண்டோஸிலிருந்து போனவை என்றாகிவிடும். அங்கீகாரம் இல்லாத முறையில் போன விண்ணப்பங்களை நிறுவனம் மனச்சாட்சிப்படி ரத்துச் செய்ய வேண்டி வரும். அவ்வளவுதான் என்றார்.

ஜெனூபா இதை முகாமில் மறைக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்தபின் பள்ளிவாசல் முற்றத்தில் சனம் கூடியது. காரைதீவுப் பொடியன் ஒருவனுக்காக நம்முடைய வீடுகளை விடுவதா என்று சிலர் கேட்டார்கள். எங்களுக்காகத்தானே வந்தான் என்று சிலர் சொன்னார்கள். சுல்பிகா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஜெமீல் காக்கா வாய் திறந்தார்.

"எனக்கும் ஊடு வந்திரிக்கி. அதுட கதவுக்கு என்ன நிறம் பூசிற எண்டும் பொண்டாட்டி யோசிச்சி வெச்சிரிக்கா" என்றார். "நீங்க போய்க் கதைங்க தங்கச்சி. ஊடில்லாம இவ்வளவு காலம் இருந்து காட்டிட்டம். அந்தப் புள்ளையால உசிரில்லாம இருந்து காட்ட ஏலாது."

ஜெனூபா விசாரணைக்குப் போனாள். மொடம் முதல் நாளிலிருந்தே வேலை செய்யவில்லை என்றும், கிசோக் சொல்லித் தந்துதான் இரண்டு அமைப்பையும் வைத்தேன் என்றும், அதை அழித்தபிறகுதான் வெளி மொடம் தேவைப்பட்டது என்றும் சொன்னாள். வாசலில் நிற்கிற ஆளைப் பற்றிக்கூடச் சொன்னாள். மொழிபெயர்த்தவருக்கு அது விளங்கவில்லை, விட்டுவிட்டார்.

அடுத்த மாதம் கிசோக் வெளியே வந்தான். நிறுவனம் சொன்னபடி விண்ணப்பங்களை ரத்துச் செய்தது. வீடுகள் வேறொரு ஊருக்குப் போயின. ஜெமீல் காக்காவின் மனைவி அதன் பிறகு ஜெனூபாவோடு கதைத்ததில்லை. சுல்பிகா, தன் மகளைக் கொட்டிலுக்குப் படம் கீற அனுப்புவதை நிறுத்திக்கொண்டாள். ஜெனூபாவுக்குக் கோபம் வரவில்லை. எதிரே வந்தால் அவள்தான் வழி விலகினாள்.

கிசோக்கும் சுலக்சனாவும் ஒருநாள் வந்து போனார்கள். அவனுக்கு வலது காது கேட்கவில்லை. ஜெனூபா ஏதாவது சொன்னால் இடது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தான். கணினியைப் பார்க்கிறாயா என்று அவள் கேட்கவில்லை, அவனும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மச்சானோடு சேர்ந்து வயல் செய்வதாகச் சொன்னான்.

2009இல் யுத்தம் முடிந்தது. நிறுவனம் தன் மேலான சேவையை வடக்குக்கு எடுத்துச் செல்ல முடிவுசெய்தது. அங்கே இன்னும் நிறையப் பேர் எல்லாவற்றையும் இழந்திருந்தார்கள். போவதற்கு முன் கிழக்கின் வெற்றிக் கதையைப் படமெடுக்க நல்லரெத்தினமும் வெளிநாட்டு ஆலோசகரும் ஒரு கமராக்காரனோடு முகாமுக்கு வந்தார்கள். முகாம் இன்னும் அங்கேதான் இருந்தது, தகரம் மட்டும் துருப்பிடித்திருந்தது. கணினிக்கு முன்னால் ஜெனூபாவை இருத்தினார்கள். அறிவு அலையால் உங்கள் மக்கள் அடைந்த நன்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாக இருந்தால் போதும் என்றார் நல்லரெத்தினம்.

ஜெனூபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கமராவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு பள்ளிவாசல் பக்கத்து முதல் கொட்டிலிலிருந்து தொடங்கினாள். குடும்பத் தலைவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகளின் பெயர். அடுத்த கொட்டில். அறுந்து அறுந்து பலமுறை தட்டிய பெயர்கள், எதுவும் மறக்கவில்லை. ஜெமீல் காக்காவின் குடும்பத்தைச் சொன்னாள். சுல்பிகாவைச் சொன்னாள், கடல் எடுத்த அவளுடைய கணவனையும் மகனையும் சொன்னாள். இடையில் நிறுத்தச் சொல்லிக் கமராக்காரன் கை காட்டினான். அவள் நிறுத்தவில்லை. வாசலில் சனம் சேர்ந்துவிட்டது. தங்கள் பெயர் வந்தபோது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெமீல் காக்காவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசி வரிசையில் தன்னுடைய கொட்டிலுக்கு வந்ததும் ஜெனூபா தன் கணவனின் பெயரைச் சொன்னாள். அதோடு எழும்பி வெளியே போனாள்.

வெளிநாட்டு ஆலோசகரின் கண் கலங்கியிருந்தது. என்ன சொன்னார் என்று நல்லரெத்தினத்திடம் மெதுவாகக் கேட்டார். எமது திட்டத்தால் பயனடைந்த அனைவர் சார்பாகவும் பெயர் பெயராக நன்றி சொன்னார் என்று நல்லரெத்தினம் மொழிபெயர்த்தார்.

அந்தப் படம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் முதற்பக்கத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். முகாமில் இதுவரை ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.